கேப்சூல் உறையில் போன வெள்ளிப் பதக்கம்

மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் இறுதியாட்டம் ஆடுகிறார் என்றால் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை நாற்காலிகள் எல்லாம் டிவி பக்கம் திரும்பிவிடும். தே தாரிக் ஆறிக் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் 2014 நவம்பரில் "பி மாதிரியிலும் (உறுதிசெய்ய இரண்டாவதாகச் சோதிக்கும் சிறுநீரிலும்) மருந்து இருக்கிறது" என்று செய்தி வந்தபோது மனசு விட்டுப்போனது. இன்றைக்கும் ஊக்கமருந்துப் பேச்சு வந்தால் அவரையும் அமெரிக்கச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

இருவர் கதையிலும் ஒரே குடும்பத்து மருந்து வருகிறது: கார்ட்டிகோஸ்டீராய்டு. வீக்கத்தை அடக்கும், வலியை மறைக்கும். 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் அது சிறிதளவு தென்பட்டது. சைக்கிள் இருக்கை உரசிய புண்ணுக்குப் பூசிய களிம்பு என்றார்கள். பழைய தேதி போட்டு மருந்துச் சீட்டு தயாரானது. 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அந்தச் சீட்டையும் சேர்த்தே அம்பலப்படுத்தியது. அவரோடு ஒரே அணியில் ஓட்டிய 11 பேர் சாட்சி சொன்னார்கள். சிவப்பணுவைப் பெருக்கும் இ.பி.ஓ. ஊசி, ரத்தம் ஏற்றுவது, டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோன் எல்லாம் வெளியே வந்தன. ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிபோயின. அத்தனை ஆண்டு விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அது பச்சைத் துரோகம்.

லீ சோங் வெய்யின் மாதிரி 2014 ஆகஸ்ட் 30 அன்று கோப்பன்ஹேகன் உலகப் பூப்பந்துப் போட்டியில் எடுத்தது. கிடைத்தது டெக்ஸாமெத்தசோன், அதுவும் கார்ட்டிகோஸ்டீராய்டுதான். கோர்டிசெப்ஸ் என்னும் சத்துப்பொருளை அடைத்திருந்த கேப்சூலின் ஜெலட்டின் உறையில் அது கலந்திருந்தது என்ற விளக்கத்தை விசாரணைக் குழு ஏற்றது. அன்றைய விதிப்படி இரண்டு ஆண்டு வரை தடை விதித்திருக்கலாம். ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று கண்டு எட்டு மாதம் கொடுத்தார்கள், அதுவும் மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டு. 2015 மே மாதம் திரும்ப வந்தார். கோப்பன்ஹேகனில் வென்ற வெள்ளிப் பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

பதக்கத்தைப் பறித்தது சரிதான், எவ்வளவு வலித்தாலும். சிறுநீரில் இருந்தால் பொறுப்பு விளையாட்டாளருடையது. "தெரியாமல் போச்சு" என்றால் விட்டுவிடலாம் என்று வைத்தால் ஆம்ஸ்ட்ராங்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் "யாரோ போத்தலை மாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு குறையும். ஆட்டம் முடிந்ததும் ஓர் அதிகாரி கூடவே ஒட்டிக்கொள்வார், கண்ணை விட்டு மறைய விடமாட்டார். சீல் வைத்த பெட்டிகளில் ஒன்றை விளையாட்டாளரே பொறுக்கி எடுக்க வேண்டும். சட்டை மார்புவரை மேலே, கை முழங்கைவரை மேலே, காற்சட்டை முழங்காலுக்குக் கீழே. அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி நேரே பார்த்துக்கொண்டிருக்க, குறைந்தது 90 மில்லி. அதை விளையாட்டாளர் தம் கையாலேயே பி போத்தலில் 30, ஏ போத்தலில் 60 என்று ஊற்றி மூடியைத் திருக வேண்டும். கடக் கடக் என்று பல்லுப் பல்லாக இறங்கும். பிறகு மூடியை உடைக்காமல் திறக்க முடியாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போகாது.

சிக்கல் பெரும்பாலும் தண்ணீரில் வருகிறது. வியர்த்து வற்றிய உடம்பில் 90 மில்லி சேராது. அவசரப்பட்டு மூன்று போத்தல் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். 150 மில்லிக்குக் குறைவான மாதிரியில் அடர்த்தி எண் 1.005-க்குக் கீழே இறங்கினால் மறுபடி காத்திருக்க வேண்டும். இரவு பதினொன்று வரை உட்கார்ந்து, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைத் தவறவிடுவது இப்படித்தான்.

நம் பிள்ளைகளுக்கு ஆபத்து இ.பி.ஓ. ஊசியில் இல்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு (மலாய் மூலிகை மருந்து) டப்பாவில் இருக்கிறது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் முட்டி தேய்ந்த பெரியவர்களின் வீட்டில் அந்த டப்பா அலமாரியிலேயே இருக்கும். முட்டி வலி இரண்டே நாளில் பறந்துவிட்டது என்றால் மூலிகையை மெச்சாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் கலந்த ஜாமுவைப் பற்றி சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. பாட்டி பாசத்தோடு பேரனுக்கு இரண்டு மாத்திரை கொடுப்பார். அவன் அடுத்த வாரம் மாநில அளவில் ஓடுவான். மெலிவதற்கு விற்கும் காப்பித் தூளில் பசியை அடக்கும் சிபுட்ராமின் இதே மாதிரி நுழைகிறது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில்) நம் முக்குளிப்பு வீராங்கனை ஒருவரின் தங்கம் போனது அந்த மருந்தால்தான்.

டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு எண்கள், பிறகு வகையைக் காட்டும் எழுத்து இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்துக்கு டி. எண் போலியாகவும் அச்சிடப்படும், அதனால் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவு இருப்பதாலேயே விளையாட்டாளருக்கு ஏற்றது என்றும் ஆகாது. சளி மருந்தில் உள்ள சூடோஎபெட்ரின் முறையாக விற்பதுதான். ஆனால் போட்டி நேரத்தில் சிறுநீரில் மில்லிக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறல். "போட்டி நேரம்" தொடங்குவதோ முந்தின நாள் இரவு 11.59-க்கு.

கிளினிக்கில் ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டிரயம்சினோலோன் என்னும் கார்ட்டிகோஸ்டீராய்டை மூட்டுக்குள் போட்டால் உடம்பை விட்டுப் போக 10 நாள் கணக்கு வைக்க வேண்டும், தசையில் போட்டால் 60 நாள். ஒரே மருந்து, ஊசி இறங்கும் இடம்தான் வேறு. பயிற்சியாளர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை என்பது பெரிய வருத்தம்.

எதைச் சாப்பிட்டாலும் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். தொகுதி எண் தெரியும் அட்டை, ரசீது, மிச்சம் நாலு கேப்சூல் ஆகியவற்றைப் போட்டி முடிந்து சில மாதமாவது ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருங்கள். எங்கிருந்து கலந்தது என்று காட்டும் பொறுப்பு விளையாட்டாளர் தலையில்தான் விழும், அப்போது அவர் கையில் இருக்கப்போவது அந்தப் பை ஒன்றுதான்.