சைட் வேர்ட்ஸ்: அட்டையை நீட்டினால் மட்டும் போதாது

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சைட் வேர்ட்ஸ், அதாவது எழுத்துக் கூட்டாமல் பார்த்தவுடன் வாசிக்க வேண்டிய சொற்கள் என்று ஆளுக்காள் மின்னட்டை (ஃபிளாஷ் கார்ட்) செய்து சுவரெல்லாம் ஒட்டுகிறோமே, அதைப் பற்றித்தான் இது. மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் கற்றல் இடர்பாடுள்ள பிள்ளைக்கு அட்டையை நீட்டி நீட்டிக் காட்டினால் மட்டும் சொல் பதியாது.

எல்லோரும் எடுக்கும் பட்டியல் எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கர் 1936இல் வெளியிட்டது. 220 சொற்கள், பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. பூனை என்றால் படம் காட்டலாம், ‘ஒஃப்’புக்கும் (of) ‘வொஸ்’ஸுக்கும் (was) எதைக் காட்டுவது? அதோடு, வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைக்கு இவை ஏற்கெனவே காதில் விழுந்த சொற்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடப் புத்தகமே தரம் 3இல்தான் கைக்கு வருகிறது. அதனால் முதலில் வாய், அப்புறம்தான் அட்டை. சின்னச் சின்ன வாக்கியத்தில் அந்தச் சொல்லைப் பேசிப் பழகாமல் நான் எழுதிக் காட்டுவதே இல்லை.

எழுதும்போதும் முழுச் சொல்லையும் படம் மாதிரி மனப்பாடம் செய்ய விடக்கூடாது. ‘செட்’ (said) என்ற சொல்லை எடுங்கள்: எஸ், ஏ, ஐ, டி. முதலும் கடைசியும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டும்தான் குழப்படி செய்கின்றன, அதை மட்டும் சிவப்பில் எழுதிவிட்டு, பிள்ளை விரலால் தடவிக்கொண்டே சொல்லி, பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். தெரிந்த சொற்கள் நாலைந்துக்கு நடுவில் புதியது ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அவ்வளவுதான். ‘வொஸ்’ (was), ‘சோ’ (saw) இரண்டையும் ஒரே வாரத்தில் தொடவே வேண்டாம்! அதே மூன்று எழுத்து, திசைதான் வேறு. எழுத்துகளை மாற்றி வாசிக்கும் பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

வீட்டுக்குப் புதிய சொல் அனுப்புவதில்லை. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து சேரும்போதே களைத்துப் போயிருப்பார், ஆங்கிலமும் தெரியாது, பிள்ளை பிழையாக வாசித்தால் அந்தப் பிழைதான் பழகும். நன்றாகத் தெரிந்த சொற்களை மட்டும் கொடுத்தால் அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டும், அதுவும் பயிற்சிதானே.

இன்னொன்று. இதைத் தமிழ்ப் பாடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 247 எழுத்து என்று பயந்து சொற்களை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், ஆனால் தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்தால் கிட்டத்தட்ட எல்லாச் சொல்லையும் வாசித்துவிடலாம். பாடத்தைக் கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கிறது என்றால், எந்த வகுப்பில் இருந்தாலும் சரி, எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.