ஓர் இனிஷியலும் தோஹாவில் மூன்று அலைச்சல்களும்

மனைவியைக் கத்தாருக்கு அழைத்துவரக் குடும்ப விசா நேற்றுதான் கிடைத்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. எல்லாம் ஓர் இனிஷியலால் வந்தது. திருமணச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் 'கே.' மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர். சான்றிதழ் உண்மையானது என்று உறுதிப்படுத்த இந்தியாவில் வாங்க வேண்டிய முத்திரைகள் எல்லாம் சிக்கலின்றி முடிந்திருந்தன.

விண்ணப்பங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் முதலிலேயே கேட்டேன். "இதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார் அங்கிருந்தவர். நான்காம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவரோ முகம் கொடுத்துப் பேசவில்லை. விசா அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்லி, ஓர் இடத்தின் பெயரை மட்டும் சொன்னார். தோஹாவில் அது போதாது. மண்டலம், தெரு, கட்டடம் என்று மூன்று எண்கள் ஒவ்வொரு வாசலிலும் நீலப் பலகையில் இருக்கும். அந்த மூன்றையும் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். எனக்கு வேலை ராஸ் லஃபானில், 80 கிலோமீட்டர் வடக்கே. அரை நாள் விடுப்பில் வந்து, வெயிலில் இரண்டு கட்டடங்கள் ஏறி இறங்கி, சரியான வாசலை அடைந்தபோது மணி இரண்டைத் தாண்டி, அலுவலகம் மூடிவிட்டது. அன்று வியாழன். வெள்ளியும் சனியும் வார விடுமுறை.

ஞாயிறு காலை 7 மணிக்கே போய் நின்றேன். கவுன்டரில் வெள்ளை அங்கி அணிந்த வயதான கத்தார்க்காரர். இனிஷியலை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "இது என் அப்பா பெயரின் முதல் எழுத்து; எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது" என்றேன். அவர் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அவர் பெயர், பிறகு அப்பா பெயர், பிறகு தாத்தா பெயர். "எங்களுக்கும் அப்பாதான் அடுத்து" என்று சொல்லிச் சிரித்தார். பத்து நாட்களில் என் பெயரைப் புரிந்துகொண்ட முதல் மனிதர்! இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று இந்தியத் தூதரகத்தில் பிரமாணப் பத்திரம் வாங்கி வரச் சொல்லி, என்ன எழுத வேண்டும் என்பதையும் தாளில் குறித்துக் கொடுத்தார். அதன் பிறகு எங்கும் தடையில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சொல்கிறேன்: முத்திரைக்கு அனுப்பும் முன்பே சான்றிதழில் இனிஷியலை விரித்து எழுதித் திருத்தி வாங்கிவிடுங்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். என் மகளுடையதில் அதே 'கே.' இருக்கிறது, திருத்தத்துக்கு இன்று காலைதான் ஊரில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்.