மண்டியிட்டால்தான் தெரியும்

காட்டு ஆர்க்கிட் பூக்களைத் தேடி மூன்று மணி நேரம் நடந்தோம். கடந்த தூரம் ஒரு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். விலங்கு பார்க்க வந்தவர்கள் முதலில் முனகினார்கள்தான்.

"இதோ ஆர்க்கிட்" என்று வழிகாட்டி காட்டிய இடத்தில் எனக்குப் புல்தான் தெரிந்தது. மண்டியிட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்ததும் விரல்நகத்தைவிடச் சின்னதாக ஒரு பூ. உள்ளே போன வண்டு வெளியே வரும்போது தலையில் இரண்டு மஞ்சள் உருண்டை! பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் மகரந்தத்தைத் தூளாகத் தூவாது, மூட்டையாகக் கட்டி ஒட்டி அனுப்பும். அதன் பிறகு யாரும் முனகவில்லை.

ஒரே காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஆனால் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த பிறகும் பல தரை ஆர்க்கிட்டுகள் அந்தப் பூஞ்சையை விடுவதில்லை. காட்டிலிருந்து பிடுங்கிப்போய்த் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் செத்துப்போவது அதனால்தான். (திருட்டு தனிக்கதை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே 'சைட்டிஸ்' என்ற, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது.)

படத்தை வைத்துத் திருடர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, நடையைத் தொடங்குமுன்பே எல்லார் போனிலும் லொகேஷனை அணைக்கச் சொல்லியிருந்தார் வழிகாட்டி. அதனால் படம் மட்டும்தான். எந்த இடம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.