வேண்டாம் என்றவர்களின் பட்டியல்

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில், நாங்கள் விளம்பர மெயில் அனுப்பும் மென்பொருளுக்கான ஆண்டுச் சந்தா பில் வந்தது. எத்தனை காண்டாக்ட் இருக்கிறதோ அத்தனைக்கும் கட்டணம். மெயிலே வேண்டாம் என்று விலகிப்போனவர்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள் என்பதை மேனேஜர் அன்றுதான் கவனித்தார். "அனுப்பவே முடியாத ஆளுக்கு எதுக்குங்க காசு? மொத்தமா தூக்கிடுங்க" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. விலகியவர்களை வடிகட்டினேன். பதினோராயிரத்துச் சொச்சம் பேர். அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நிரந்தரமாக நீக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. காசும் மிச்சம், தனியுரிமைச் சட்டத்தையும் மதித்தாயிற்று என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

எங்களுடையது சென்னையில் இருந்துகொண்டு ஐரோப்பாவின் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனி. அலுவலகம் இங்கே இருந்தாலும் அங்கே இருப்பவர்களுக்கு விற்கிறோம் என்பதால் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்ற ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் எங்களையும் பிடிக்கும். அபராதம் 2 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். இதெல்லாம் பயிற்சி வகுப்பில் கேட்டதுதான். தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து, சேல்ஸ் டீமில் ஒருவர் பழைய கண்காட்சி ஒன்றில் சேர்த்த எக்ஸெல் கோப்பைத் தூசி தட்டி எடுத்து இம்போர்ட் செய்தார். அதில் நான் நீக்கியவர்களும் சில நூறு பேர் இருந்தார்கள். மென்பொருளுக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. நான்தான் அடையாளத்தை அழித்துவிட்டேனே! யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் வரவேற்பு மெயில் அனுப்பிவிட்டது.

ஜெர்மனியில் இருந்து ஒரு கடைக்காரர் பதில் எழுதினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். பிப்ரவரியில் விலகினேன், விலகிவிட்டீர்கள் என்று நீங்களே உறுதி செய்தீர்கள், இப்போது என் முகவரி எங்கிருந்து வந்தது, என்னைப் பற்றி வேறு என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். சட்டப்படி இதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் எழுத உட்கார்ந்தால் கையில் ஒன்றுமே இல்லை. அவர் எப்போது சேர்ந்தார், எந்தப் படிவத்தில் சம்மதித்தார், எந்தத் தேதியில் விலகினார், எல்லாம் அந்த ஒரே பொத்தானில் போயிருந்தது. ஜெர்மனியில் மெயில் விளம்பரத்துக்குச் சம்மதம் இருந்தது என்று காட்ட வேண்டியது அனுப்பியவரின் பொறுப்பு. அதனால்தான் அங்கே, சேர்ந்தவருக்கு ஒரு மெயில் அனுப்பி அதிலும் ஒருமுறை உறுதி செய்யச் சொல்வது வழக்கம். அந்த உறுதியின் பதிவைத்தான் நான் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருந்தேன்.

எங்கள் லீகல் மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். "எனக்கு அனுப்பாதே" என்பது ஒன்று, "என்னை அழித்துவிடு" என்பது இன்னொன்று. சட்டத்தில் முதலாவது 21ஆம் பிரிவு, இரண்டாவது 17ஆம் பிரிவு. மெயிலின் அடியில் இருக்கும் இணைப்பை அழுத்துகிறவர் கேட்பது முதலாவதை. அதை நிறைவேற்ற வேண்டுமானால் அவர் முகவரி நம்மிடம் இருந்தே தீர வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது எந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நினைவு வைத்துச் சொல்ல ஒரு பெரியப்பா இருப்பாரே, அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? விளம்பர அழைப்பு வேண்டாமென்றால் 1909இல் நம் எண்ணைப் பதிந்து வைக்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

அப்புறம் உண்மையான சுத்தம் தொடங்கியது. அந்தப் பொத்தானுக்குப் பிறகு விலகியவர்களுக்கு மூன்றே தகவல்கள் போதும்: முகவரி, விலகிய தேதி, எதிலிருந்து விலகினார் என்பது. மற்றதை அழிக்க வேண்டும். அந்த 'மற்றது' எவ்வளவு என்று அப்போதுதான் பார்த்தேன். பெயர், ஊர், போன் எண் எல்லாம் நாமே கேட்டு வாங்கியவை. கேட்காமல் சேர்ந்ததுதான் அதிகம். இன்ன மெயிலை இரவு 11.40க்குத் திறந்தார், போனில் திறந்தார், விலைப் பக்கத்தை மூன்று முறை பார்த்தார், வாங்கவில்லை. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி அது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் எதுவும் செய்யவில்லை என்பதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

முழுதாக அழிக்கச் சொன்னவர்களுக்கு முகவரியைக்கூட வைக்காமல் அதன் ஹேஷை மட்டும் வைப்பது என்று முடிவானது. முகவரியை ஒரு கணக்கில் அரைத்தால் 64 எழுத்து எண் குவியல் ஒன்று கிடைக்கும். அதிலிருந்து முகவரியைத் திரும்பப் பெற நேர்வழி இல்லை. ஆனால் அதே முகவரி மறுபடி வந்தால் அதே குவியல்தான் கிடைக்கும் என்பதால் ஆளைத் தடுத்துவிடலாம். கேட்க அழகாகத்தான் இருந்தது. முதல் சோதனையிலேயே பாதிப் பேர் நழுவினார்கள். எக்ஸெலில் முகவரிக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தால் ஹேஷ் வேறு. முதல் எழுத்து பெரிய எழுத்தானால் வேறு. இதில் ஜெர்மனிக்கென்று ஒரு தனி வம்பு. வணிகப் பெயர் வழக்கு ஒன்றினால் 2012 வரை அங்கே ஜிமெயில் என்ற பெயரில் முகவரி தரவில்லை, கூகிள்மெயில் என்றுதான் தந்தார்கள். இரண்டு முகவரிக்கும் போவது ஒரே பெட்டிக்குத்தான், ஹேஷ் மட்டும் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அரைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. முகவரி தெரிந்த எவரும் அரைத்துப் பார்த்து ஒப்பிடலாம் என்பதால் ஹேஷும் தனிநபர் தகவல்தான், பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று மேடம் அதற்கும் ஒரு கொட்டு வைத்தார்.

இங்கே அழித்ததை, வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சி.ஆர்.எம். என்ற இன்னொரு மென்பொருள் ராத்திரி ஒத்திசைவின்போது திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் நடந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போட்ட பில்லை மட்டும் தொடவில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி அதை ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு 19ஆம் நாள் பதில் போனது. நடந்ததை நடந்தபடி எழுதினோம். முழுதும் அழியுங்கள் என்றார். அழித்தோம், மறுபடி மெயில் வராமல் இருக்க இந்த ஒரு குறியீட்டை மட்டும் வைத்திருக்கிறோம் என்று எழுதினோம். பதில் வரவில்லை. மெயிலும் மறுபடி போகவில்லை.

அடுத்த மார்ச்சில் பில் வந்தபோது இன்னொன்று தெரிந்தது. விலகியவர்களின் முகவரியைத் தடைப் பட்டியல் என்று தனியாக ஏற்றினால் எங்கள் மென்பொருளில் அதற்குக் கட்டணமே கிடையாதாம். உதவிப் பக்கத்தில் இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.