கிளிப் போட்ட பல்லும் ரோஸ் நிறக் கணக்கும்

முப்பத்து மூன்று வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டேன். தெத்துப்பல்லைப் பள்ளிக்கூட வயதிலேயே சரிசெய்திருக்கலாம்தான். அப்போது வீட்டில் காசு இல்லை, அப்புறம் எனக்கு நேரம் இல்லை. போன ஜூனில் நான்கு பல்லைப் பிடுங்கி இடம் உண்டாக்கி, மேலும் கீழும் கம்பி கட்டியாகிவிட்டது. ஞானப்பல் நான்கும் எப்போதோ போய்விட்டன. ஆக இப்போது வாயில் இருப்பது 24. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வேண்டும்.

கிளிப் ஒட்டிய அன்று டாக்டர் ஒரு போட்டோ காட்டினார். கம்பியைக் கழற்றிய பிறகு எடுத்தது. பல்வரிசை என்னவோ அழகுதான். ஆனால் பல்லுக்குப் பல், பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டு) இருந்த சதுரத்தைச் சுற்றி சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு. தங்கிய அழுக்கில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், அமிலம் ஏற ஏற பி.எச். என்ற அளவு இறங்கும், அது 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். சரியாகத் தேய்க்காவிட்டால் நான்கைந்து வாரத்திலேயே இந்தத் திட்டு விழலாம் என்றார். இவ்வளவு செலவழித்து இதற்கா என்று வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பயத்தில் மூன்று வேளையும் தேய்த்தேன். அம்மா பாத்ரூம் கதவைத் தட்டி, "பல்லு விளக்குறியா, வெள்ளையடிக்கிறியாடா?" என்பார். நாக்கால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். சுத்தம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் கம்பி மாற்றப் போனபோது பல்லில் ஏதோ சிவப்புத் திரவத்தைத் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். வெற்றிலை போட்ட வாய் போல இருந்தது. அந்தச் சாயம் சுத்தமான எனாமலில் நிற்காது, பல்லழுக்கில்தான் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதமாக நான் மினுக்கியது பிராக்கெட்டின் தலையை மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டை முழுக்க ரோஸ். நாக்கு அங்கே போவதே இல்லை, போனாலும் கம்பியைத்தான் தடவுகிறது.

அந்தத் திரவத்தில் ஒரு பாட்டிலும் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் நீளக் காம்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ண ஆரம்பித்தேன். எண்ணும் முறை என்னுடையது இல்லை. ஓ'லியரி என்ற பல் மருத்துவரும் கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்டது. ஒரு பல்லுக்கு நான்கு பக்கம்: வெளியே, உள்ளே, இரண்டு பக்கவாட்டு. ஈறை ஒட்டிச் சாயம் பிடித்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு கோடு. எனக்கு 24 பல், 96 பக்கம். சாயம் பிடித்தது பத்து சதவீதத்துக்குள் வந்தால் நல்லது என்பது அவர்கள் வைத்த அளவு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதலில் உதட்டில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் வரை கூத்துக்குக் கிளம்பியவர் போல இருப்பீர்கள். அந்தக் குட்டிக் கண்ணாடி வாய்க்குள் போனதும் மூச்சுப்பட்டு மங்கிவிடும். கன்னத்தின் உள்பக்கத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்தால் எச்சில் பூசி, கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரியும். வாஷ்பேசினை உடனே கழுவிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

முதல் கணக்கு: 96க்கு 58. அறுபது சதவீதம்!

உடனே நான் செய்தது நம்மில் பலரும் செய்வதுதான், ஒரு மெஷின் வாங்கினேன். தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாசர், 3,000 ரூபாய்க்குப் பக்கம். சும்மா சொல்லக்கூடாது, சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு அதைப் பிடித்தால் கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கடுகு, அரை கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்ச் சக்கை என்று வரிசையாக வந்து விழும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துச் சாயம் தடவி எண்ணினால் 44. குறைந்திருக்கிறது, ஆனால் அந்த ரோஸ் பட்டை மட்டும் அசையவில்லை. கழுவாமல் விட்ட பால் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். குழாயைத் திறந்துவிட்டால் ஆடை போகும், அடியில் வழுவழுப்பு அப்படியே இருக்கும். கை வைத்துத் தேய்த்தால்தான் போகும்.

தேய்க்கக் கிடைத்தது பல் இடுக்கு பிரஷ். குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி, மெல்லிய கம்பியைச் சுற்றி மயிர். ஐந்து பிரஷ் கொண்ட அட்டை, மெஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல்லில் கட்டிய கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக நுழைத்து, பிராக்கெட்டின் இடப்பக்கம் நாலு இழுப்பு, வலப்பக்கம் நாலு இழுப்பு. கோணலாகத் தள்ளினால் பிரஷ் மடங்கிவிடும். முதல் அட்டையில் மூன்றை ஒரே வாரத்தில் ஒடித்தேன். முதல் சில நாள் ஈறில் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், அழுக்கால் வீங்கிய ஈறுதான் அப்படிக் கசியும் என்றார் டாக்டர். பத்து நாளில் நின்றுவிட்டது.

சாதா பிரஷ்ஷையும் வேறு மாதிரி பிடிக்க ஆரம்பித்தேன். முதல் சுற்றில் பிராக்கெட்டுக்கு ஈறுப் பக்கம், மயிர் ஈறைப் பார்த்து 45 டிகிரி சாய்வில். அடுத்த சுற்றில் பிராக்கெட்டின் மறுபக்கம். அப்புறம்தான் பிராக்கெட்டின் தலை, உள்பக்கம் எல்லாம். முடித்ததும் நுரையைத் துப்புவதோடு சரி, கொப்பளிப்பது இல்லை. பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும் என்று. வாய் நிறையத் தண்ணீர் விட்டு மூன்று முறை கொப்பளித்தே வளர்ந்தவனுக்கு இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. மூலிகை பேஸ்ட்டையும் இதற்காகவே விட்டேன், நான் வாங்கியதில் ஃபுளோரைடு இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மாமா, "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க மாப்ள" என்றார். குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது மாமா.

அதே கல்யாணப் பந்தியில்தான் பிராக்கெட்டில் மாட்டியிருந்த நிறமில்லாத ரப்பர் வளையங்கள் மஞ்சள் பிடித்தன. சாம்பாரும் கூட்டும் சேர்ந்து செய்த வேலை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, அடுத்த முறை மாற்றும்வரை அப்படியே இருக்க வேண்டியதுதான். இப்போது சாம்பல் நிற ரப்பர் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் 21. நூலையும் சேர்த்துப் பார்த்தேன். ஊசியில் கோப்பது போல ஒவ்வொரு இடுக்கிலும் கம்பிக்கு அடியில் நூலைக் கோத்து இழுக்க வேண்டும். முழு வாய்க்கும் இருபத்தைந்து நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள், அதற்கு மேல் பொறுமை இல்லை.

தீபாவளி வந்தது. தட்டையை உடைத்து உடைத்துத்தான் தின்றேன். ஆனாலும் ஒரு கடலைப்பருப்பு போதுமாக இருந்தது, கீழ் வரிசையில் ஒரு பிராக்கெட் கழன்று கம்பியில் தாயத்து மாதிரி ஆடியது. அதை விட மோசம், மேஜைமேல் இருந்த பலகாரத் தட்டு. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போனதும் வாயில் அமிலம் ஏறும், அது இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு அதிரசத்தை ஒரே உட்காரலில் தின்பதைவிட, நாலு வேளையாகப் பிட்டுத் தின்பது பல்லுக்குக் கெடுதல். அந்த ஞாயிறு 33. நோட்டில் எழுதவே வெட்கமாக இருந்தது.

பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

போன ஞாயிறு கணக்கு 11. பத்து சதவீதத்துக்குள் வர இன்னும் இரண்டு பக்கம் குறைய வேண்டும். அந்தப் பதினொன்றில் எட்டு வாயின் வலது பக்கத்தில், மேல் கோரைப்பல்லைச் சுற்றியும் கீழ்க் கடைவாயின் உள்பக்கத்திலும். வலது கைக்காரன் பிரஷ்ஷை வலது பக்கம் திருப்பும்போது மணிக்கட்டு மடங்கிவிடுகிறது, அழுத்தமே விழுவதில்லை. நேற்று இரவு அந்தப் பக்கத்தை மட்டும் இடது கையால் தேய்த்துப் பார்த்தேன். பாதிப் பேஸ்ட் தாடையில் வழிந்தது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்து நீட்டினார்.