செவ்வாய், வியாழன், சனி

டிசம்பர் 5, 2024, வியாழன்

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அக்காவுக்குத் தண்ணீர் எடை 2.8 கிலோ ஏறியிருக்கிறது. டெக்னீஷியன் பெண் முறைத்தது என்னை. வீட்டுக்கு வந்து "ரசம் எவ்வளவு ஊத்திக்கிட்ட?" என்று கேட்டேன். "ரசமெல்லாம் தண்ணிக் கணக்குல வருமாடா?" என்கிறாள் அக்கா.

மிஷின் ஓடும்போது அக்காவுக்கு வாசித்துக் காட்டும் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில், அவர் ஆசிரியர் திருவாவடுதுறையில் நோயாகப் படுத்திருக்கும் இடம் இன்றைக்கு வந்தது. தாள்களைச் சேர்த்துப் பிடித்துத் தள்ளிவிட்டு, மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்கும் பகுதிக்குப் போய்விட்டேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். பக்கத்துப் படுக்கை மேலூர்க்காரரும் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

போன் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

வருஷக் கடைசி. இந்த ஆண்டு வாசித்தவை என்று ஆளாளுக்கு அட்டைப்படங்களை அடுக்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் வருஷா வருஷம் போட்டவன்தான். டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைப்பது பழக்கம். பிப்ரவரி வரை தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி என்று ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் எடையும் பி.பி.யுமாக நிறைந்து, நடுவில் எங்கேயாவது ஒரு புத்தகப் பெயர் தலைகாட்டுகிறது.

மார்ச்சில் 'புயலிலே ஒரு தோணி'. அக்காவுக்கு முதலில் வாசிக்க எடுத்தது அதைத்தான். மதுரைக்காரிக்கு மதுரை வருகிற நாவலாக இருக்கட்டும் என்று. மேடானிலும் பினாங்கிலும் அலைகிறவனை மதுரைத் தெருக்களை நினைத்து நினைத்து உருக வைத்தார் சிங்காரம். அவரோ ஊர் திரும்பி, தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. அறையில் ஒண்டியாகக் கிடந்தார். 1997இல் போனார். வாய்விட்டு வாசித்தால் அந்த நடை பிடிபடவில்லை. யார் பேசுகிறார்கள், யார் மனசுக்குள் நினைக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிவது காதுக்குத் தெரிவதில்லை. நடுநடுவே மிஷின் வேறு கூவும். அங்கே விட்டோம். மீதியை நான் மட்டும் வராந்தாவில் முடித்தேன்.

கு. அழகிரிசாமி வாய்க்கென்றே எழுதியிருக்கிறார். ஒரு வாக்கியத்திலும் மூச்சு முட்டவில்லை. ஊசி குத்தின கையை அசைக்கக் கூடாதென்று இவள் சிலை மாதிரி படுத்திருக்கும் நாலு மணி நேரத்துக்கு அவர் கதைகள் அளவெடுத்துத் தைத்தவை. 'ராஜா வந்திருக்கிறார்' வாசித்த அன்றைக்கு மேலூர்க்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த தடவை அவரே சொன்னார்: "அந்த மாதிரிக் கதையெல்லாம் வேணாம் தம்பி. பி.பி. ஏறுது."

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அக்கா கேட்டு வாங்கியது. தூத்துக்குடி உப்பளம். "உப்பைத் திங்கத்தான் கூடாது, படிக்கலாமுல்ல?"

இமையத்தின் 'செல்லாத பணம்' தொடங்கினேன். ஜிப்மர் தீக்காயப் பிரிவும் அதற்கு வெளியே காத்துக் கிடக்கும் குடும்பமும். கொஞ்சத்திலேயே மூடிவிட்டேன். அதை எழுதியிருக்கிற லட்சணத்துக்குத்தான் மூட வேண்டியதாயிற்று. சுமாராக எழுதியிருந்தால் முடித்திருப்பேன்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' மே மாதம், ராத்திரிகளில். அதை வார்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. அட்டையில் தலைப்பு அவள் கண்ணில் படக்கூடாது. நாவலில் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அடிபம்பு காற்றை இறைக்கிறது. இங்கே குழாயில் நாள் முழுக்க வருகிறது. ஆனால் இவளுக்கு ஒரு நாளைக்கு 750 மில்லிதான். காபி, மோர், மாத்திரை விழுங்க ஊற்றுவது எல்லாம் அதற்குள்.

ஆடியிலிருந்து 'என் சரித்திரம்'. அரை வருஷமாக ஒரே புத்தகம், பட்டியலில் போட்டால் ஒரே வரி. தஞ்சை ராஜா ஏகாதசியன்று வெற்றிலை போட்டுவிட்டு, அந்தப் பாவம் தீர உத்தமதானபுரத்தை உண்டாக்கித் தானம் கொடுத்த கதையோடு தொடங்கும். 48 வீடு, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக 24 கிணறு. கிணற்றுக் கணக்கு வந்ததும் அக்கா சிரித்தாள். "எனக்கும் ஒரு தானம் குடுக்கச் சொல்லுடா. கிணறெல்லாம் வேணாம், ஒரு சொம்பு."

டிசம்பர் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டாள். ஊசி குத்தி மிஷின் ஓட ஆரம்பித்ததும் கேட்டாள்: "பிள்ளையவர்கள் சாகுற இடத்த முழுங்கிட்டேல்ல?"

"இல்லக்கா, அது…"

"பன்னெண்டாப்புக்கு எத்தன வருசம் தமிழ் நடத்தியிருக்கேன். என்கிட்டயேவா. திருப்பு."

திருப்பினேன். 1876 பிப்ரவரி 1. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாசகம் படிக்கச் சொல்கிறார். அடைக்கலப் பத்து. படிக்கிற மாணவனுக்கு இன்னும் 21 முடியவில்லை. என் குரல் இறங்கிப் போனது எனக்கே தெரிந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே, "சத்தமா வாசி, மூணாம் பெட்டுக்குக் கேக்கல" என்றாள்.

வாசித்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

விடிகாலையிலிருந்து மழை. எடை 2.1. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு துடித்தாள். வாசிப்பு இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. பொரி உருண்டையில் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே போட்டாள். வெல்லத்துக்குப் பயமா, தின்றால் தாகம் எடுக்கும் என்று பயமா, கேட்கவில்லை. தெற்கே எல்லாம் வெள்ளமாம். டி.வி.யில் தாமிரபரணி காட்டினார்கள். நான் சேனலை மாற்றினேன், அவள் திரும்ப வைக்கச் சொன்னாள்.

போன் வரவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

சேலம் இராமசுவாமி முதலியார் வந்துவிட்டார். இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருக்கிறார் முதலியார். கல்லூரித் தமிழாசிரியர் சாமிநாதையர் மரியாதைக்குப் போய்ப் பார்க்கிறார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கிழமையைக்கூட மறக்கவில்லை மனுஷன். என்ன படித்திருக்கிறீர் என்று கேட்டதும் இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். எதிரே முகத்தில் அசைவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு கேள்வி. அப்புறம் சீவக சிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா என்று. இவர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. சிந்தாமணி அச்சாகி வரும்போது 1887.

எல்லாரும் கொண்டாடுகிற கட்டம். எனக்கு இந்தத் தடவை முதலியார் மேல் எரிச்சல். அந்தாதியையும் கோவையையும் மகாவித்துவானோடு உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டவன் அந்தப் பையன். அந்தக் காதை வைத்துக்கொண்டுதானே பிற்பாடு சிதைந்த ஏட்டைப் படித்தான்? அக்காவிடம் சொன்னேன்.

"முதலியார் கேக்காட்டி இவரு அந்தாதியே படிச்சிக்கிட்டு இருந்திருப்பாரு. ஒனக்கு யாராச்சும் அப்படிக் கேட்டா ஏன் கோவம் வருது?"

எனக்கு யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

சாகித்திய அகாதெமி இந்த வருஷம் ஆ. இரா. வேங்கடாசலபதிக்கு, 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு. ஆராய்ச்சிக்காரருக்குக் கிடைத்ததில் அக்காவுக்கு ஏக சந்தோஷம். "கதை எழுதுறவங்களுக்கே குடுத்துக்கிட்டு இருந்தா எப்படி?" அடுத்து இதை வாசிக்க வேண்டுமாம். அடுத்து என்று அவள் சொன்னதே போதும்.

டிசம்பர் 20, வெள்ளி

இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே என் மனைவி கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"படிச்சுக் காட்டுறதோட நிறுத்திக்கக் கூடாதா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் கிட்னி அக்காவுக்குப் பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கொடுத்து வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது. அக்கா ஒரே ஒருமுறை, வேண்டாம்டா என்றாள். நான் அப்போதும் புத்தகத்தை எடுத்து விட்ட இடத்தைத் தேடினேன். இந்த வருஷம் எத்தனை பேச்சைப் புத்தகத்தை வைத்துத் தட்டிக்கழித்திருக்கிறேன் என்று யோசித்தால் பட்டியல் வேறு மாதிரி போகும்.

டிசம்பர் 26, வியாழன்

எடை 1.9! டெக்னீஷியன் பெண் கை கொடுத்தாள், எனக்கு.

கரிவலம்வந்தநல்லூர் ஏடுகளின் கதை. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாதென்று நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டார்கள். கோயில் ஆட்களே சாமிநாதையரிடம் சொல்கிறார்கள், என்னவோ நல்ல காரியம் செய்த மாதிரி. மேலூர்க்காரர் கேட்டதும் கொதித்துப்போனார். அவர் வாழ்நாளில் ஒரு புத்தகம் வாங்கியிருப்பாரா தெரியாது. "படிக்கத் தெரியாட்டி சும்மா வச்சிருக்க வேண்டியதுதானே, என்ன எளவுக்குத் தீயில போடுறது?" என்று ஏற ஏற அவருடைய மிஷினும் கூவ, நர்ஸ் வந்து என்னைப் பார்த்து, "சார், மெதுவா ஏதாவது வாசிங்க" என்றாள்.

டிசம்பர் 28, சனி

சென்னைப் புத்தகக் காட்சி நேற்றே தொடங்கிவிட்டது. பொங்கலை ஒட்டியே வந்து பழகியதால் டிசம்பரில் என்றதும் நம்ப முடியவில்லை. நண்பன் நந்தனத்திலிருந்து போன் போட்டான். போனில் பெயரைப் பார்க்கும் முன் நெஞ்சு அடித்துக்கொண்டது. "என்னடா வாங்கணும், சொல்லு." யோசித்து யோசித்துப் பார்த்தேன், வாயில் ஒன்றும் வரவில்லை. கனமில்லாததாக, ஒரு கையால் பிடிக்கிற மாதிரி எதையாவது வாங்கி வா என்றேன். அவனுக்குச் சிரிப்பு.

டிசம்பர் 31, செவ்வாய்

படுக்கைக்குப் படுக்கை சாக்லேட் கொடுத்தார்கள். சாக்லேட்டும் இவர்களுக்கு ஆகாது, எல்லாம் எங்கள் சட்டைப்பையில்தான் சேர்ந்தது.

பட்டியல் போடலாமென்று ராத்திரி உட்கார்ந்தேன். பாதியில் விட்டதைச் சேர்ப்பதா? அக்காவுக்கு வாசித்ததை நான் படித்தது என்று போடலாமா? வாசிக்கும்போது பாதி நேரம் கண் மிஷினில்தான் இருந்தது. 'தண்ணீர்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. வெடிச் சத்தம் வேறு.

ஜனவரி 4, சனி

குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் கட்டி குறைந்துகொண்டே வருகிறது. கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கேட்டேன். தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 9, வியாழன்

'என் சரித்திரம்' நின்றுவிட்டது. முடிந்தது என்று சொல்ல முடியாது. 122ஆம் அத்தியாயத்தோடு சரி. விகடனில் 1940 தொடக்கத்திலிருந்து எழுதிவந்தவர் 1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். அவர் வாழ்க்கையில் 1898இல் மணிமேகலை வந்ததையொட்டிய காலம்வரைதான் சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது. அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார், பதிப்பித்திருக்கிறார், அதில் ஒரு வரி இல்லை.

மேலூர்க்காரருக்கு ஆறவில்லை. "மிச்சத்த யாரும் எழுதலையா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதில் வராததால் அக்காவிடமும் கேட்டார்.

"அவரு மாணவரு கி.வா.ஜ. எழுதியிருக்காரு. ஆனா அது வேற கைங்க."

"பரவால்ல டீச்சர். வாசிக்கச் சொல்லுங்க."

ஜனவரி 12, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை பொங்கல் வந்துவிட்டதால் நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் அடுத்தது வியாழன். நடுவில் செவ்வாயும் புதனும் முழுசாக இரண்டு நாள், அதுவும் சர்க்கரைப் பொங்கல், கரும்பு, வருகிறவர் போகிறவர் எல்லாம் கையில் திணிக்கும் பாயசம். கரும்பு தண்ணீர்க் கணக்கில் வருமா? வரும். பொட்டாசியக் கணக்கிலும் வரும். அண்ணன் வீட்டில் சொல்லிவைக்க வேண்டும், சொன்னால் "பாவம் ஒரு துண்டு" என்பார்கள். ஒரு துண்டு என்று நாலு வீட்டில் கொடுத்தால்? சொம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்கு மேலே ஊற்றிக் குடித்துவிட்டு மறுபடி கோடு வரை நிரப்பிவைக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். தமிழ் டீச்சருக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது.

ஜனவரி 13, திங்கள்

எடை 2.4. திங்கட்கிழமை முகங்கள் வேறு. மேலூர்க்காரர் இல்லை, அவரைச் சாயங்கால ஷிப்டுக்குப் போட்டிருக்கிறார்களாம். புதுப் புத்தகம் எதுவும் எடுத்து வரவில்லை. எதிரே ஒரு அம்மாவிடம் ராஜேஷ்குமார் மாத நாவல் இருந்தது. அக்கா அதை வாங்கச் சொன்னாள். முதல் பக்கத்திலேயே பிணம். "இதையும் தாண்டிறாத" என்றாள்.

பதினொன்றே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். நான் வெளியே வருவதற்குள் நின்றுவிட்டது, திரும்ப நானே கூப்பிட்டேன். ரிசல்ட் வந்துவிட்டதாம், என்ன என்று போனில் சொல்ல மாட்டார்களாம். பொங்கல் லீவு முடிந்து 20ஆம் தேதி பத்து மணிக்கு இரண்டு பேரும் நேரில் வரணும். ஆதார் அசல், குடும்ப அட்டை, மனைவியையும் கூட்டி வாருங்கள், அவர் கையெழுத்து வேண்டும்