சேதுபதியின் சுவரும் ஈஞ்சம்பாக்கத்து மணலும்

ராமநாதபுரத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரே ராமேஸ்வரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபத்தைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன். கட்டியவர் கிழவன் சேதுபதி. சுவர் ஓவியங்கள் அவருக்குப் பின் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணக் காட்சிகள், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், தொப்பி வைத்த ஐரோப்பியர், ராஜராஜேஸ்வரி கையிலிருந்து செங்கோல் வாங்கும் சேதுபதி என்று சுவருக்குச் சுவர் நிறம்.

கூட வந்தவன் என் அக்கா மகன். கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறான். போர்க் காட்சி முன்னால் நின்றவன் வெகுநேரம் நகரவே இல்லை. வெளியே வந்ததும் கேட்டான்: “மாமா, இதை வரைஞ்சவங்களுக்கு ராஜா படியளந்தாரு. எனக்கு யாரு அளப்பா?”

வீட்டில் எல்லோரும் அவனிடம் கேட்கிற கேள்வியைத்தான் என் பக்கம் திருப்பிவிட்டான். மண்டபம் வழியாக ராமேஸ்வரம் போகும் பேருந்தில் உட்கார்ந்ததும் அவனுக்குச் சென்னைப் பக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

சென்னை ஓவியப் பள்ளி 1850-இல் தொடங்கியது. அங்கே தேவி பிரசாத் ராய் சவுத்ரியிடம் படித்து, பிறகு அவர் உட்கார்ந்த முதல்வர் நாற்காலியிலேயே உட்கார்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1960-களில் அவருடைய மாணவர்கள் நன்றாக வரைந்தார்கள், ஆனால் வாங்க ஆளில்லை. ராஜாக்களும் ஜமீன்களும் போய்விட்டார்கள். படத்தை விற்றுத்தரும் கூடங்கள் சென்னையில் அரிது. படித்து முடித்தவர்களுக்கு நெசவு வடிவமைப்பு, விளம்பரம், பள்ளிக்கூட வேலை என்று வேறு வேறு வழி. பின்னால் பெயர்பெற்ற ஓவியர் கே.எம். ஆதிமூலமே நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். (நைந்துபோன ஆடம்பரத்தோடு அவர் கறுப்பு மையில் வரைந்த மகாராஜாக்களை விலாசத்துச் சேதுபதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை.)

பணிக்கரும் மாணவர்களும் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மெழுகைத் தடவிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று செய்து விற்றார்கள். கையில் சேர்ந்த காசை வைத்து நகருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணலை வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது அங்கேதான். முதலில் கீற்றுக் குடிசைகள், பிறகு அவரவர் கட்டிக்கொண்ட வீடுகள், ஓவியக்கூடம், திறந்தவெளி அரங்கு. பணிக்கர் 1977-இல் இறந்த பிறகும் கிராமம் கலையவில்லை. சிற்பியான அவர் மகன் நந்தகோபால் 2017-இல் இறக்கும்வரை அதைத் தோளில் சுமந்தார். ‘சென்னை இயக்கம்’ என்ற பெயரில் அங்கே அருங்காட்சியகம் திறந்தது 2009-இல்.

பணிக்கர் என்றால் எல்லோரும் அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையைச் சொல்வார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்தப் பத்திக் துணியால். கல்லூரி முதல்வர் ஒருவர், கைத்தொழில் நம் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைக்காமல் மாணவர்களோடு சேர்ந்து அதில் இறங்கினாரே! துணி விற்ற காசில்தான் அவர்கள் ஓவியம் தனக்கு இஷ்டமானபடி வளர்ந்தது. வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து வரைய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், கீழே படகுகள். அதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிச் சங்கு, சிப்பிக் கடைகள். இந்தக் கடலில் எடுத்த சங்கு வளையலுக்காக வங்காளம்வரை போன வரலாறு உண்டு. ஒரு கடையில் பெரியவர் ஒருவர் சங்கை மெருகேற்றிக்கொண்டிருந்தார். அக்கா மகன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“என்ன தம்பி, பேரு எழுதணுமா?”

“இல்லய்யா. இதுக்கு எவ்வளவு நாள் பழகணும்?”

அவர் சிரித்துக்கொண்டே அரத்தை அவன் கையில் கொடுத்தார். இரண்டு நிமிடம் தேய்த்ததில் ஓரம் சிலும்பிவிட்டது. அந்தச் சங்கை நாங்களே வாங்கிக்கொண்டோம்.

திரும்பும்போது அவன் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். அவன் அப்பத்தா ஊர் சாயல்குடிப் பக்கம், பனங்காட்டு பூமி. அங்கே ஓலைக்கொட்டான் முடைகிற பெண்கள் உண்டு. சாயம் ஏற்றிய ஓலையில் புது வடிவங்கள் வரைந்து கொடுத்தால் என்ன, கூடப் படிக்கிற நாலு பேர் சேர்ந்தால் ஆரம்பிக்கலாமே என்றான். முடைகிற பெண்களுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டேன். பாதி என்றான். அவர்கள் கைவேலைதானே பெரிது, பாதி போதாது என்றேன். சரி, அப்பத்தாவிடமே கேட்டுவிடலாம் என்று உச்சிப்புளி வரும்போதே ஊருக்குப் போன் போட்டுவிட்டான்.